குதிரைவலுவா, சில்லின் பிடியா? தோட்ட ட்ராக்டரும் கனடியப் பனியும்

பனி அகற்றுவதற்குத் தோட்ட ட்ராக்டர் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது, வாங்கியதை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பதே இன்றைய பேச்சு. கடைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் முதலில் நம் கண்ணில் படுவது எஞ்சினின் குதிரைவலு. 20, 22, 26 என்று மூடியிலேயே பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். விற்பவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். அயலவரும் அதைத்தான் கேட்பார். பனியைத் தள்ளும் வேலையில் அந்த இலக்கத்துக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது என்று வாதிட வந்திருக்கிறேன். எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்னரே பின்சில்லு வழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே தெரிவும் சில்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்: சில்லின் மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது, அது தரையை எப்படிப் பற்றுகிறது, அந்தப் பிடியைத் தாங்கும் பலம் பின்னச்சுக்கு உண்டா என்ற மூன்று கேள்விகள். எஞ்சின் நாலாவதாக வரட்டும்.

அதற்கு முன், இந்தப் பேச்சு யாருக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே உள்ள வீட்டுக்கு ட்ராக்டர் வாங்குவது வீண் செலவு. நடந்தபடி தள்ளும் ஸ்நோ ப்ளோவர் ஒன்று அரை மணித்தியாலத்தில் அந்த வேலையை முடித்துவிடும். கராஜில் ஒரு மூலைக்குள் அடங்கியும் இருக்கும். ஆனால் நம்மவர்கள் நகரத்தை விட்டு வெளியே நகர்ந்து கொண்டிருக்கிறார்கள். ஸ்டூவில், அக்ஸ்பிரிட்ஜ், கலிடன், இனிஸ்ஃபில் போன்ற இடங்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் காணியும் தெருவிலிருந்து 60 மீற்றர் உள்ளே தள்ளி நிற்கும் வீடும் புதுமையில்லை. 60 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்றால் 240 சதுர மீற்றர். அதன்மேல் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 48 கன மீற்றர். புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் ஏறத்தாழ 5 தொன். ஜோர்ஜியன் விரிகுடாவின் காற்று கரையேறும் பக்கங்களில் இதைவிட மோசம்: 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ட் பகுதியில் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கும் மேல் கொட்டியது. இவ்வளவையும் சவளால் அள்ளலாமே, உடம்புக்கும் நல்லதுதானே என்பவர்களுக்கு ஒரு செய்தி. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, கடும் பனி பெய்த மறுநாளில் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் கூடுவதைக் காட்டியது. தெற்காசியர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு பொதுவாகவே அதிகம் என்பதையும் சேர்த்து யோசித்தால், நீண்ட டிரைவ்வேக்கு இயந்திரம் தேடுவதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். நல்ல தோட்ட ட்ராக்டர் ஒன்றின் நிறை, புல்வெட்டும் தட்டைக் கழற்றிய பிறகு, 350 கிலோ என்று கொள்ளுங்கள். ஓட்டுபவர் 80 கிலோ. மொத்தம் 430, அதில் 260 கிலோவளவு பின்சில்லுகளில் நிற்கும். இறுகிய பனியில் வெறும் ரயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2. அப்படியானால் அந்தச் சில்லுகள் தரையைப் பற்றி இழுக்கக்கூடிய அதிகபட்ச விசை 52 கிலோ நிறைக்குச் சமம். நடை வேகத்தில், அதாவது விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில், இந்த விசையைப் பயன்படுத்தத் தேவைப்படும் வலு வெறும் 0.7 குதிரைவலு. கியர்ப் பெட்டியிலும் எண்ணெயிலும் விரயமாவதைச் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் ஒன்றரையைத் தாண்டாது. 26 குதிரைவலு எஞ்சினின் மிச்சமெல்லாம் பனியில் சில்லைச் சுழற்றிப் பள்ளம் தோண்டத்தான் உதவும். வரலாறும் இதையே சொல்கிறது. இன்ரநேஷனல் ஹார்வெஸ்ரர் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட முதல் கப் கடெட் தோட்ட ட்ராக்டரின் எஞ்சின் 7 குதிரைவலுதான். ஆனால் அதன் பின்னச்சு, அதே நிறுவனத்தின் ஃபார்மோல் கப் என்ற வயல் ட்ராக்டரின் பாகங்களைக் கொண்டு செய்த வார்ப்பிரும்பு. முன்னால் ஒரு பிளேட்டைப் பூட்டி அந்த 7 குதிரைவலுவோடு பனி தள்ளினார்கள். இன்றைய மெல்லிய புல்வெட்டி ட்ராக்டர்களில் அதன் மூன்று மடங்கு வலு உண்டு. பனியில் அவை அதன் மூன்று மடங்கு வேலை செய்வதில்லை.

சமதரையில் 52 கிலோ இழுவை ஓரளவு போதும். சரிவு வந்தால்தான் உண்மை வெளிப்படும். 50 கிலோ பிளேட்டையும் சேர்த்து 480 கிலோ எடையுள்ள வண்டி, 10 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில் ஏற, தன்னைத் தூக்கவே 48 கிலோ விசை வேண்டும். பனியைத் தள்ள மிஞ்சுவது 4 கிலோ. ஒரு சவளை நிரப்பவும் காணாது. இதே வண்டிக்கு இரும்புச் சங்கிலி போட்டு உராய்வுக் குணகத்தை 0.4 ஆக்கினால் இழுவை 104 கிலோவாகும். சரிவுக்குப் போக 56 மிஞ்சும். அதோடு பின்சில்லு இரண்டிலும் 30 கிலோ வீதம் இரும்புப் பாரம் பூட்டினால் பின்னச்சில் 320 கிலோ நிற்கும், இழுவை 128, சரிவுக்கு 54 போனாலும் 74 கைவசம். நாலிலிருந்து எழுபத்து நாலு! எஞ்சினைத் தொடவில்லை. இந்தக் கணக்கில் நான் எடுத்த குணகங்கள் தோராயமானவை. பனியின் ஈரமும் குளிரும் மாற அவையும் மாறும். வெறும் பனிக்கட்டியில் 0.1 தான் கிடைக்கும். ஆனால் எந்த இலக்கத்தைப் போட்டாலும் முடிவின் திசை மாறாது.

பாரத்தைச் சில்லில் பூட்டலாம். ரயருக்குள் திரவம் நிரப்பலாம். வண்டியின் பின்னால் தொங்கவிடலாம். ரயருக்குள் வெறும் தண்ணீர் விட்டால் உறைந்துவிடும். கல்சியம் குளோரைட் கரைசல் உறையாது, நிறையும் கூட; ஆனால் வால்வில் சிறு கசிவு வந்தாலும் றிம்மைக் கறள் தின்றுவிடும். அதனால் பலர் சீனிப் பீற்றூட் சாற்றிலிருந்து செய்யும் திரவத்தையோ, கார்க் கண்ணாடி கழுவும் திரவத்தையோ நிரப்புகிறார்கள். பின்னால் தொங்கவிடும் பாரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. முன்னால் ஸ்நோ ப்ளோவர் பூட்டிய ட்ராக்டர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவைப் போன்றது: முன்னச்சு ஆடுகால், ப்ளோவர் தண்ணீர் நிறைந்த பட்டை. 100 கிலோ ப்ளோவர் முன்னச்சுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால் தொங்கினால், இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 125 சென்ரிமீற்றர் உள்ள வண்டியில், பின்சில்லிலிருந்து 48 கிலோ பாரம் உயர்ந்துவிடும். பிடி மிக வேண்டிய இடத்தில்தான் குறைகிறது. அடித்துலாவில் கல்லைக் கட்டுவது போல, பின்னச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால் 45 கிலோவைத் தொங்கவிட்டால் பின்சில்லுக்கு 59 கிலோ திரும்பக் கிடைக்கும். முன்னச்சின் சுமையும் 14 கிலோ குறையும், சுக்கானும் இலகுவாகும். தொங்கும் பாரம் தன் நிறையைவிடக் கூடுதலாக வேலை செய்வது இந்த நெம்பினால்தான். சில்லில் பூட்டும் பாரத்துக்கு இந்த மேலதிக இலாபம் கிடையாது. ஆனால் அது அச்சுத் தாங்கிகளை நோகடிப்பதும் இல்லை. இரண்டையும் கலந்து பூட்டுவதே என் தெரிவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிளேட்டுக்கு இது சரி, ஸ்நோ ப்ளோவர் பனியைத் தூக்கி எறிய வேண்டுமே, அதற்குக் குதிரைவலு வேண்டாமா? வேண்டும். எவ்வளவு என்று பார்ப்போம். 1.1 மீற்றர் அகலமான ப்ளோவர், 30 சென்ரிமீற்றர் பனியில் விநாடிக்கு அரை மீற்றர் நகர்ந்தால், கன மீற்றருக்கு 150 கிலோ அடர்த்தியில், விநாடிக்கு 25 கிலோ பனி உள்ளே போகும். அதை விநாடிக்கு 12 மீற்றர் வேகத்தில் வெளியே எறியத் தேவையான வலு 2.4 குதிரைவலு. வெட்டும் சுருளும் எறியும் விசிறியும் வீணாக்குவதைச் சேர்த்து மூன்று மடங்காக்குங்கள்: 7 சொச்சம். ஆகவே 18, 20 குதிரைவலு போதும். ஆனால் டிரைவ்வேயின் வாயில் நகரசபை வண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் வரம்பு வேறு சாதி. உப்பும் சேறும் கலந்த அந்தப் பனி கன மீற்றருக்கு 400 கிலோவைத் தொடும். அதே வேகத்தில் போனால் எந்த எஞ்சினும் திணறும். விடை பெரிய எஞ்சினில் இல்லை, மெதுவாகப் போவதில் இருக்கிறது. அதாவது எஞ்சின் முழுச் சுற்றில் ஓட, சில்லு மட்டும் ஊர வேண்டும். எண்ணெய்ப் பம்பின் அழுத்தத்தால் சில்லைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் உள்ள ட்ராக்டரில் மிதியை மெல்ல அழுத்தினால் அது நடக்கும். பழைய கியர் வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதித்தால் ப்ளோவரும் சேர்ந்து நின்றுவிடும். பிளேட்டுக்கு அது பெரிய குறையில்லை. ப்ளோவருக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் இல்லாத வண்டியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். குதிரைவலுவுக்கு இவ்வளவு இடம் விட்டுக்கொடுத்த பிறகும், மிஞ்சும் கேள்வி கியர்ப் பெட்டியைப் பற்றியதாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

என் வாதத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றும் உண்டு, அது என் பக்கத்திலிருந்தே வருவது. பிடியைக் கூட்டக் கூட்ட நல்லது என்றால், வீட்டில் ஏற்கெனவே நிற்கும் புல்வெட்டி ட்ராக்டருக்கே சங்கிலியும் பாரமும் பூட்டிவிடலாம்தானே? அங்கேதான் ஆபத்து. வழுக்கும் சில்லு ஒரு வகையில் கியர்ப் பெட்டியின் காவலன். தாங்க முடியாத சுமை வந்ததும் சில்லு சுழன்று விடுகிறது. பல்லும் பம்பும் தப்பிக்கின்றன. சங்கிலி பூட்டி அந்தக் காவலனை அகற்றினால் முழுச் சுமையும் உள்ளே இறங்கும். புல்வெட்டி ட்ராக்டர்களில் வரும் சிறிய ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிகள் சமமான புல்தரையில் ஒரு தட்டைச் சுமந்து செல்ல வடிவமைக்கப்பட்டவை. தொடர்ந்து பாரம் தள்ளினால் எண்ணெய் சூடேறி இளகும். பம்புக்குள்ளேயே அழுத்தம் கசியும். ஒரு மணித்தியாலத்தின் பின் அதே சரிவில் வண்டி நின்றுவிடும். பல மாதிரிகளில் எண்ணெய் மாற்றும் வழியைக்கூடச் சாதாரணப் பாவனையாளருக்குத் திறந்து வைப்பதில்லை. தோட்ட ட்ராக்டர் என்ற பெயருக்கு உரியது, கலப்பை பூட்டி மண்ணைக் கிளறினாலும் தாங்கும் பின்னச்சு உடையது. அடையாளம் காண்பது கடினமில்லை: புல்வெட்டி ட்ராக்டரின் பின் றிம் பெரும்பாலும் 8 அங்குலம், தோட்ட ட்ராக்டருக்கு 12 அங்குலம், ரயரின் உயரம் 23 அங்குலமளவில். சட்டத்தின் இரும்பைத் தட்டிப் பாருங்கள், மடித்த தகடா, தடித்த இரும்பா என்று தெரியும். கடைசியில் கைந்நூலைத் திறந்து, கலப்பை போன்ற மண் கிளறும் உபகரணம் பூட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லை என்று எழுதியிருந்தால் அந்த வண்டிக்குச் சமதரையில் ஒரு சிறு பிளேட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பாவித்த வண்டி வாங்க அஞ்சாதவருக்கு இன்னொரு வழி உண்டு: 1970, 80 களில் வீல் ஹோர்ஸ், ஜோன் டியர், கப் கடெட் பெயர்களில் வந்த பாரமான வண்டிகள் இன்றும் ஒன்ராறியோவின் நாட்டுப்புறங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தால் ஏளனம் வரும். பின்னச்சைப் பார்த்தால் மரியாதை வரும்.

பிளேட்டா, ப்ளோவரா என்பதை விருப்பத்தால் தீர்க்க முடியாது. பனி எங்கே போகும் என்பதுதான் தீர்க்கும். பிளேட் மலிவு, வேகமானது, உடைய அதில் அதிகம் இல்லை. ஆனால் ஒதுக்கிய பனி ஓரத்திலேயே கிடக்கும். டிசம்பரில் ஒதுக்கிய வரம்பு உறைந்து சுவராகிவிடும். ஜனவரியில் அதன் உட்பக்கம் இன்னொன்று. பெப்ரவரியில் 4 மீற்றர் டிரைவ்வே இரண்டரை மீற்றராகச் சுருங்கிவிடும். தெருவுக்குக் குறுக்கே தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், எழுத்தில் அனுமதி இல்லாமல் சாலையில் பனியைப் போடுவதைத் தடை செய்கிறது. இதே நெருக்கடிதான் நகரங்களையும் பிளேட்டிலிருந்து நகர்த்தியது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் உருவாக்கிய ஸ்நோ ப்ளோவரை 1927 இல் மொன்றியலை ஒட்டிய ஊட்ரெமோன் நகரம் வாங்கியது. ரொறன்ரோவில் 1999 ஜனவரியில் நகரபிதா மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை அழைத்ததை இன்றும் மற்ற மாகாணத்தவர் கேலி செய்வார்கள். ஆனால் தொடர்ந்து பெய்த பனியில் ஒதுக்கவே இடமில்லாமற் போன நகரம் அது. உங்கள் காணியின் இரு பக்கமும் வெறுந்தரையாக, காற்று குறைவாக இருந்தால் பிளேட் போதும். ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேலாகவே வெகுதூரம் தள்ளி வையுங்கள், பின்னால் வரும் பனிக்கு அது இடம். வேலியோ மரமோ நெருங்கி நின்றால் ப்ளோவர்தான்.

நான்கு சில்லும் இழுக்கும் சிறு ட்ராக்டர் ஒன்றை, குபோட்டாவின் பிஎக்ஸ் வரிசை போன்றதை, வாங்கினால் இத்தனை கணக்கும் வேண்டாமே என்பார்கள். உண்மை. முழு நிறையும் இழுக்கும் சில்லுகளில் நிற்பதால் பிடி பெருகும், நிறையும் கூடுதல். உண்மையில் அது என் வாதத்துக்கே சாட்சி: அவற்றில் பலவற்றின் எஞ்சின் 20 குதிரைவலுவை ஒட்டியதுதான். ஆனால் விலை பல மடங்கு. கோடையில் மண் அள்ளவும் மரம் இழுக்கவும் வேலை இருப்பவருக்கு அது பொருந்தும். புல்வெட்டவும் பனி தள்ளவும் மட்டும் தேவைப்படுபவருக்கு நல்ல தோட்ட ட்ராக்டரே கணக்குக்குச் சரி. ஒப்பந்தக்காரரை அமர்த்துவதும் கெட்ட வழியில்லை. அவர் வரும் நேரம் அவருடையது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். காலை 6 மணிக்கு வேலைக்குப் போகிறவரின் டிரைவ்வேயை அவர் 9 மணிக்கு வந்து துப்புரவாக்கினால் அந்தப் பணம் யாருக்குப் பயன்?

ஆயத்தப்படுத்தும் வேலைகளில் பெரும்பகுதி மேலே சொன்னதிலேயே அடங்கிவிட்டது. புல்வெட்டும் தட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். வயிற்றில் தொங்கிக்கொண்டு பனியை வாரிச் சேர்ப்பதைத் தவிர அது மாரியில் எதுவும் செய்யாது. சங்கிலி வாங்கும்போது குறுக்குக் கோடுகள் நெருக்கமாக உள்ளதைப் பாருங்கள்; இடைவெளி கூடியது சில்லு உருளும்போது பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கும். தார்த்தரையை இரும்புச் சங்கிலி கீறும் என்ற முறைப்பாடு சரியானது, சில்லு சுழன்றால் இன்னும் கீறும். சரிவு இல்லாத தார் டிரைவ்வேக்கு ரப்பர்ச் சங்கிலி பொருத்தம். சரிவுக்கு இரும்பே வேண்டும், கீறலை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பிளேட்டின், ப்ளோவரின் அடியிலுள்ள சறுக்குப் பாதங்களைத் தார்த்தரைக்கு சில மில்லிமீற்றர் உயரத்தில் வையுங்கள். சரளைக்கல் தரைக்கு 2, 3 சென்ரிமீற்றர், இல்லாவிட்டால் சித்திரையில் புல்லுக்குள் கல் பொறுக்க வேண்டிவரும். கோடைக்கு விட்ட தடித்த எண்ணெயை மாற்றி, கைந்நூல் அனுமதிக்கும் 5டபிள்யூ-30 விடுங்கள். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் பற்றறி தன் வலுவில் ஏறத்தாழப் பாதியைத்தான் தரும் என்பதால், பழைய பற்றறியை நம்பி மாரிக்குள் போக வேண்டாம். எஞ்சினைத் தொடக்கியதும் வண்டியை வெளியே எடுத்துவிட்டுச் சூடேற்றுங்கள். கராஜுக்குள் ஓடவிட்டால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் ஏறும்.

ப்ளோவரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு, இரண்டையும் அலட்சியம் செய்தவர்கள் ஏராளம். சுருளில் கல்லோ பத்திரிகைக் கட்டோ சிக்கினால் ஷியர் பின் என்ற மென்மையான ஆணி முறியும். முறிவதற்காகவே செய்தது அது. மாற்று ஆணி கைவசம் இல்லையென்று கடினமான போல்ட் ஒன்றைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர்ப் பெட்டியாக இருக்கும். ஆகவே நாலைந்து ஆணிகளை இருக்கைக்குக் கீழே வைத்திருங்கள். எறியும் குழாயில் ஈரப்பனி அடைத்தால் கையை விடவே கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறியில் இறுக்கம் தேங்கியிருக்கலாம். அடைப்பு விலகிய கணத்தில் அது ஒரு பாதிச் சுற்றுச் சுற்றும், விரல் போக அது போதும். எஞ்சினை நிறுத்தி, எல்லாம் நின்றதைக் கண்ணால் பார்த்து, தடியால் குத்தி எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் முதற்பனி விழுந்த பிறகு தொடங்கினால் சங்கிலியின் அளவும் கிடைக்காது, ப்ளோவரைப் பூட்டும் சட்டமும் கடையில் இருக்காது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் வாங்கி, ஒக்ரோபரில் ஒருமுறை பூட்டி ஓட்டிப் பாருங்கள். டிரைவ்வேயின் இரு கரையிலும் நாட்டும் அடையாளத் தடிகளை நவம்பர் நடுப்பகுதிக்கு முன் இறக்கிவிடுங்கள். தரை உறைந்த பிறகு சுத்தியலால் அடித்தாலும் தடிதான் முறியும்.